எப்சிபா கேட்ட அடையாளம்

சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி போகும் சாலையோரத்து விசைத்தறிக் குடியிருப்பில் எப்சிபாவுக்கு வேலை கொடுக்காத ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் கொடுத்தது. சபை கொடுத்தது. வீடு கொடுத்தது. கூலி என்று எவரும் கொடுக்கவில்லை. "புள்ள நெம்பக் கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அந்தப் பேச்சால் ஒரு மணி நேரம்கூட மிச்சமாகாது.

காலையில் எழுந்ததும் தார் சுற்ற வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றித் தறிக்குக் கொடுப்பதுதான் தார். தார் நின்றால் தறி நிற்கும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த அவள் அம்மாவுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. கையை மேலே தூக்கினால் வலியில் உயிர் போகும். அதனால் காலைப் பங்கு மகளுடையதாயிற்று. அதை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் முடிந்து ஸ்பெஷல் கிளாஸ். புதன்கிழமை சபையில் வேதபாடம், வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுத்துவிட்டு அப்படியே ஆராதனைக்குக் கீபோர்டில் உட்கார வேண்டும். சபையில் நாற்பது குடும்பம். கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்தி.

தார் சுற்றும்போது கைக்குத்தான் வேலை, தலைக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவாள். ஒரு குச்சி நிறைவதற்குள் ஒரு தொகையீட்டை முடித்துவிட வேண்டும் என்று தனக்குத் தானே பந்தயம் கட்டுவாள். பெரும்பாலும் ஜெயிப்பாள். அவளுடைய நாளில் அவளுக்கென்று இருந்தது அது மட்டும்தான்.

அவளுக்கு ஒரே ஆசை. கோயமுத்தூரில் ஏதாவது ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கு. ஹாஸ்டல் வேண்டாம், பஸ்ஸில் போய் வந்துகொள்ளலாம். அப்புறம் பி.எட்., அப்புறம் ஒரு பள்ளிக்கூடத்தில் கரும்பலகையும் சாக்பீஸும். இவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு தடை இருந்தது. அவளை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

எப்சிபாவுக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து வலிப்பு வந்தது. அப்போது அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. அம்மாவின் பெயரும் அப்போது எஸ்தர் இல்லை, தெய்வாத்தாள். அப்பா அன்று நைட் ஷிப்ட். தெய்வாத்தாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் கண் திறக்காமல் கிடந்தது பிள்ளை. தறிக்குடோனில் கூட வேலை பார்த்த ஒருத்தி ஜெபவீட்டுப் பாஸ்டரைக் கூட்டிவந்தாள். பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்தார். தெய்வாத்தாள் அந்த வராண்டாவில் முட்டிபோட்டு, "இது பொழச்சா இது உங்களுதுங்க சாமி, எனக்கு வேண்டாம்" என்றாள். பிள்ளை பிழைத்தது. மருந்து வேலை செய்ததா, ஜெபம் வேலை செய்ததா என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை. பெற்றவளுக்கு எது தெரிந்ததோ அதுதான் அந்த வீட்டில் நடந்தது. அம்மாவும் அப்பாவும் ஞானஸ்நானம் எடுத்துப் பெயர் மாற்றிக்கொண்டார்கள், பிள்ளைக்கு எப்சிபா என்று பெயர் வைத்தார்கள். சபை முன்னால் பிள்ளையை உயர்த்திப் பிடித்து, ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தார்கள்.

ஒப்புக்கொடுப்பது என்றால் சபைக்காரர்களுக்கு விளையாட்டுக் காரியம் அல்ல. பிள்ளை வளர்ந்து பள்ளிப்படிப்பு முடிந்ததும் வேதாகமக் கல்லூரிக்குப் போக வேண்டும். மூன்று வருஷம் படித்து, பிறகு எங்கே அனுப்புகிறார்களோ அங்கே முழுநேர ஊழியம். தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் பாஸ்டர் இவளுக்காக முன்பே சொல்லி வைத்திருந்தார். பாஸ்டர் கெட்டவர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, ஓட்டை மொபெட்டில் பதினாறு வருஷம் இந்தக் குடியிருப்பையே சுற்றியவர். தன் பிள்ளைக்கு வாங்காத கீபோர்டைச் சபைக்கு வாங்கினவர். இந்தக் கதையில் வில்லன் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அரையாண்டுத் தேர்வில் எப்சிபா அறுநூற்றுக்கு ஐந்நூற்று அறுபத்துமூன்று எடுத்தாள். கணக்கு எடுக்கும் சைத்ரா மிஸ் அவள் அம்மாவை வரச் சொன்னார். எஸ்தர் தோளில் தைலம் மணக்கப் போய் நின்றாள்.

"ஏனுங்கம்மா, இவளைக் காலேஜுக்கு அனுப்பப் போறதில்லைன்னு சொல்றாளே, நெசமா?"

"ஊழியத்துக்குக் குடுத்த புள்ளைங்க மிஸ்."

"அதெல்லாம் இந்தக் காலத்துல யாருங்க பாக்கறாங்க? மூணு வருசம் டிகிரி முடிக்கட்டும். அப்பறம் ஊழியத்துக்குப் போகட்டுமே. சாமி என்ன ஓடியா போயிரப் போறாரு?"

எஸ்தர் சிரிக்கவில்லை. "உங்க புள்ளைக்கு வலிப்பு வந்திருக்குதுங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்த கையோடு மிஸ் எப்சிபாவை நிறுத்தி வைத்து இன்னொன்று சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷம் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். கணக்கில் மெதுவாகப் படிக்கும் ஐந்து பேரை எப்சிபா பார்த்துக்கொள்ள வேண்டும். "நீ சொன்னாத்தான் அதுகளுக்கு மண்டைல ஏறுது கண்ணு." அந்த ஐந்து பேரும் ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்த நேரத்துக்கு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். ராமுலு என்று ஒருவன். அணிக்கோவையும் அணியும் ஒன்று என்றே கடைசிவரை சாதித்தான்.

"எப்சி, ரெண்டுலயும் நம்பரக் கட்டம் கட்டித்தான எழுதறோம்?"

"ராமுலு, உன்னையும் மாட்டையும் கட்டுத்தறில கட்டுனா ரெண்டும் ஒண்ணா?"

"எங்கம்மா அப்பிடித்தான் சொல்லுது" என்பான் அவன். ஐந்து பேரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அம்மாவிடம் வாதம் பண்ணிப் பிரயோசனமில்லை என்று எப்சிபாவுக்குத் தெரியும். எஸ்தருக்குப் பாஸ்டரிடம் பயமில்லை, ஊரிடம் பயமில்லை. கொடுத்த வாக்கை எடுத்துக்கொண்டால் வலிப்பு திரும்ப வரும் என்று பயம். அந்தப் பயத்தை மிஸ்ஸாலும் தீர்க்க முடியாது, டாக்டராலும் முடியாது. வாங்கிக்கொண்டவரே "போ" என்று சொன்னால்தான் தீரும். அப்படிச் சொல்ல வைக்க ஒரு வழி சபையிலேயே இருந்தது. அடையாளம் கேட்பது.

வேதாகமத்தில் கிதியோன் என்று ஒருவர். கடவுள் சொன்னதை நம்ப முடியாமல் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, விடியும்போது தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருந்தால் நம்புகிறேன் என்றார். அப்படியே நடந்தது. அதிலிருந்து சபைகளில் இது ஒரு வழக்கம். செவ்வாய்க்கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டார் போன் பண்ணினால் கர்த்தருக்குச் சித்தம் என்பார்கள். மழை பெய்தால் நிலத்தை விற்போம் என்பார்கள். மனதுக்குள் கேட்டால் அது ஆசை. மைக்கில் கேட்டால் அது உடன்படிக்கை. பிறகு யாரும் மாற்ற முடியாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு விசேஷ ஜெபம். பிள்ளைகள் பேனாவையும் பென்சில் டப்பாவையும் கொண்டுவந்து முன்னால் வைப்பார்கள். பாஸ்டர் எண்ணெய் தொட்டு ஜெபிப்பார். ஒவ்வொருவராக மைக்கில் விண்ணப்பம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புப் பையன் "பாஸாகோணும்" என்று சொல்லிவிட்டு ஓடினான். எப்சிபா கீபோர்டிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்னைய எங்கம்மா ஊழியத்துக்கு ஒப்புக்குடுத்தாங்க. அது அல்லாருக்கும் தெரியும். நான் காலேஜ்ல கணக்குப் படிக்கோணும்னு ஆசைப்படறேன். அது கர்த்தருக்குச் சித்தமான்னு எனக்குத் தெரியலீங்க. அதனால ஒரு அடையாளம் கேக்கறேன். பரீட்சைல அஞ்ஞூத்தம்பது வந்துச்சுன்னா அவரு என்னையக் காலேஜுக்கு அனுப்பறாருன்னு எடுத்துக்கறேன். வரலீன்னா பைபிள் காலேஜுக்குப் போறேன். மறுபேச்சுப் பேச மாட்டேன்."

எஸ்தர்தான் முதலில் "ஆமென்" என்றாள். அவள் முகத்தில் வெளிச்சம். அவளுக்கும் இது விடுதலைதான். இனிமேல் பொறுப்பு அவளுடையது இல்லை. பாஸ்டர் எப்சிபாவின் தலையில் கை வைத்து நீளமாக ஜெபித்தார்.

ஐந்நூற்றைம்பதை அவள் சும்மா சொல்லவில்லை. அரையாண்டில் வந்தது ஐந்நூற்று அறுபத்துமூன்று. பாதுகாப்புக்குப் பதின்மூன்றைக் கழித்துக்கொண்டாள். வரும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் லோகப்பிரியாவிடம் சொன்னாள். லோகப்பிரியா அவள் பெஞ்சுக்காரி, தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், படிப்பில் சுமார், வாயில் கெட்டி.

"ஏம்புள்ள, முன்னூறுன்னு சொல்லியிருக்கலாமல்லொ?"

"முன்னூறு சொன்னா அது அடையாளமா?"

"பாஸானா காலேஜுன்னு சொல்லிப்போட்டு கமுக்கமா உக்காந்திருக்கோணும். பெரிய இவளாட்டம் அஞ்ஞூத்தம்பது. உங்க சாமி வந்தா பேப்பர் திருத்தப் போறாரு?"

"சாமிய ஏமாத்தக் கூடாது புள்ள."

"இப்ப மட்டும் என்ன பண்ணியிருக்கற? வரும்னு தெரிஞ்சுக்கிட்டேதான கேட்டிருக்கற? அதுக்கு என்ன பேரு?"

லோகப்பிரியா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். எப்சிபா அன்று மதியம் சாப்பிடவில்லை.

மார்ச்சில் தறிகள் நின்றன. ஜவுளிக்காரர்களிடம் நூல் வாங்கிக் கூலிக்கு ஓட்டும் கூலித்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு நிறுத்தினார்கள். நியாயமான போராட்டம். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அதன் பாரம் யார் யார் தலையில் போய் விழும் என்பதை மட்டும் எந்த நோட்டீஸிலும் அச்சடிப்பதில்லை. எப்சிபாவின் அப்பா தானியேலுக்கு வேலை இல்லை. தார் சுற்றும் வேலையும் இல்லை. படிக்க நேரம் கிடைத்தது என்று நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் படித்த பிள்ளைகளுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. தெரு முழுக்க ஆட்கள் கட்டிலைப் போட்டுக்கொண்டு பேசினார்கள். ஒவ்வொரு வார்த்தையும் வீட்டுக்குள் கேட்டது. தறி ஓடியிருந்தால் ஒன்றும் கேட்டிருக்காது.

அந்த நேரம் பார்த்துச் சபையில் எழுப்புதல் கூட்டம். சென்னையிலிருந்து வரும் பிரசங்கியாருக்கு அந்தத் தேதிதான் கிடைத்தது. வியாழன், வெள்ளி, சனி, மூன்று மாலைகள். செவ்வாய்க்கிழமை கணக்குப் பரீட்சை. மூன்று நாளும் வாசித்துவிட்டு ஞாயிறும் திங்களும் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று எப்சிபா திட்டம் போட்டிருந்தாள். தறி ஓடும் காலமாக இருந்தால் கூட்டத்துக்கு அறுபது பேர் வருவார்கள். இப்போது வேலையில்லாத குடியிருப்பே வந்தது. சபைக்காரர் அல்லாதவர்களும் வந்தார்கள். பந்தலுக்கு வெளியே நின்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் எரியாத அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இங்கே வந்தால் பாட்டு இருக்கிறது, டீ இருக்கிறது, நல்ல வார்த்தை இருக்கிறது. சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் மைக்கில் அறிவித்தார். கர்த்தர் பெரிய காரியம் செய்கிறார், கூட்டம் திங்கள்வரை தொடரும்.

எப்சிபா கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்டர் கிட்ட வந்தார்.

"ஐயா, செவ்வாக்கெழம கணக்குங்க."

"தெரியும்மா. தெரியாமலா இருப்பேன்? நீ பாட்டு நேரத்துக்கு மட்டும் வாசி. தேவசெய்தி ஆரம்பிச்சதும் போயிரு. எப்பா, இப்படி ஒரு கூட்டத்தைப் பதினாறு வருஷத்துல நான் பார்த்ததில்லை."

"வேற யாராவது…"

"வேற யாரு இருக்கா, நீயே சொல்லு."

வேறு யாரும் இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். எஸ்தர் சோறு போட்டுக்கொண்டே, கோபமில்லாமல் கேட்டாள்: "கண்ணு, அடையாளம் கேட்டவ நீ. அவரு சோலிய உட்டுப்போட்டு ஊட்ல உக்காந்துக்கிட்டா, கேட்டத எப்பிடிக் குடுப்பாரு?"

இந்தக் கணக்கை அவள் பிப்ரவரியில் போடவில்லை. கடவுளிடம் மார்க் கேட்டுவிட்டால், மார்க்குக்காகப் படிக்கிற நேரமும் கடவுளிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் ராமுலுவும் மற்ற நால்வரும் வந்தார்கள். கடைசி நேரம், பயந்து போயிருந்தார்கள், துரத்த முடியவில்லை. மாலை கூட்டம். திங்கள் மாலை, பாட்டு முடிந்ததும் எழுந்துபோகலாம் என்று பார்த்தாள். பிரசங்கியார் நடுவில் நடுவில் கையைத் தூக்கினார். கையைத் தூக்கினால் பின்னணியில் மெல்ல வாசிக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்திலிருந்து அவ்வளவு ஜனம் பார்க்க எழுந்துபோக அவளால் முடியவில்லை. அன்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அழுதுகொண்டு முன்னால் வந்தார்கள். அவர்கள் அழுகை பொய்யில்லை. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தவர்கள் அவர்கள். அந்த அழுகைக்கெல்லாம் எப்சிபா வாசித்தாள். வாசித்தவள் கண்ணில் தண்ணீர் வரவில்லை, தூக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை கேள்வித்தாள் கஷ்டமில்லை. ராமுலுவுக்கு முந்தாநாள் சொல்லிக்கொடுத்த அதே ஐந்து மதிப்பெண் கேள்வி இருந்தது. அவன் எழுதிவிட்டான். எப்சிபா முதல் வரியில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டு, இரண்டு பக்கம் போட்டு, விடை வராமல் அடித்து, மறுபடி போட்டாள். அதில் நேரம் போயிற்று. இரண்டு கேள்விகளைத் தொடவே இல்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று, போன மார்க்கை மனசுக்குள்ளேயே கூட்டினாள். அந்தக் கணக்கு மட்டும் சரியாகத்தான் வந்தது.

அடுத்து இயற்பியலும் போயிற்று. கணக்கில் போனதை நினைத்துக்கொண்டு எழுதியதில் போயிற்று.

ஏப்ரல் முழுவதும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்தினாள். நூற்றிருபது பிள்ளைகளுக்குப் பாட்டும் அபிநயமும் சொல்லிக்கொடுத்தாள். தறிகள் ஓடத் தொடங்கின. கேட்ட கூலியில் பாதி கிடைத்தது. வெற்றி என்று போஸ்டர் ஒட்டினார்கள். அவள் திரும்பவும் தார் சுற்றினாள். கணக்கு மட்டும் போடவில்லை.

மே மாதம் ரிசல்ட். லோகப்பிரியா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நானூத்தி முப்பத்தெட்டு புள்ள! எங்கப்பன் நம்ப மாட்டீங்கறாரு, வேற யாரோட நம்பரயோ போட்டுப் பாத்துட்டேன்னு சொல்றாரு!" பிறகு எப்சிபாவின் எண்ணைப் போட்டாள். பார்த்தாள். சத்தம் குறைந்தது. "அஞ்ஞூத்தி இருவத்தொண்ணு. எப்சி, ஸ்கூல்லயே ரெண்டாவது நீதான்."

ஐந்நூற்று இருபத்தொன்றுக்குக் கோயமுத்தூரில் கணக்குப் பாடத்தில் இடம் தராத கல்லூரி கிடையாது. லோகப்பிரியா அதைத்தான் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். எப்சிபா "ஆமா" என்றாள்.

எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள். "அம்பதா கண்ணு?"

"இருவத்தொண்ணும்மா."

எஸ்தர் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஆனால் அவள் மூச்சு இறங்கியதை மகள் தோளில் உணர்ந்தாள். பதினைந்து வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு. அந்த நேரத்தில்தான் எப்சிபாவுக்குப் புரிந்தது. அம்மா இத்தனை நாளும் ஐந்நூற்றைம்பது வந்துவிடக் கூடாது என்றுதான் ஜெபித்திருக்கிறாள்.

தானியேல் பேசாத மனிதர். அன்று பேசினார். மகள் உள்ளே இருப்பது தெரிந்தும் வாசலில் நின்று பேசினார்.

"உட்ரலாமா தெய்வா? இவ்வளவு மார்க்கு எடுத்திருக்குது. திருமூர்த்தி மொதலாளிகூட அவரு பையனுக்கு இதுல பாதி இல்லைங்கறாரு."

"அந்தப் பேரச் சொல்லாதீங்க."

"செரி, எஸ்தரு. உட்ரலாமா?"

"மறுக்கா வலிப்பு வந்துச்சுன்னா யாருங்க தூக்கீட்டு ஓடறது? நீங்களா? அன்னைக்கு நீங்க நைட் சிப்ட்டு."

தானியேல் செருப்பை மாட்டிக்கொண்டு குடோனுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எப்சிபா ஒரு முயற்சி செய்தாள். பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். அவர் மொபெட்டின் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

"ஐயா, என்னைய உட்ருங்க."

"நான் பிடிச்சிருக்கனாம்மா? அந்த நம்பரை நான் சொன்னேனா? நீயே சொன்ன. சபை கேட்டுச்சு. அவரும் பதில் சொல்லிட்டார். இப்ப இல்லைன்னு சொல்ல நான் யாரு?"

"பதில் சொன்னது அவருங்களா, திங்கக்கெழம கூட்டங்களா?"

பாஸ்டர் துடைத்த பிளக்கையே மறுபடி எடுத்துத் துடைத்தார். கேள்வி அவரைத் தைத்துவிட்டது. "அந்தத் திங்கக்கிழமை நாற்பத்தாறு பேரும்மா" என்றார். "அதுல ரெண்டு பேரு அன்னைக்குச் சாகிறதுக்கு மருந்து வாங்கி வச்சிருந்தவங்க. எனக்குத் தெரியும். உன் பாட்டு இல்லைன்னா அவங்க வந்திருப்பாங்களான்னு எனக்குத் தெரியல. நான் என்ன சொல்லட்டும்?"

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். வழி நெடுக எப்சிபா வேறொன்றை யோசித்தாள். லோகப்பிரியா கேட்டது. வரும் என்று தெரிந்துகொண்டே கேட்டதற்கு என்ன பேர்? அடையாளம் கேட்பதுபோல் நடித்துக் கடவுளின் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளப் பார்த்ததாக அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றிய பிறகு அம்மாவோடும் பாஸ்டரோடும் சண்டை போட அவளுக்குக் காலூன்ற இடமில்லை. பேச வேண்டிய நேரத்தில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறவர்களை வைத்துக்கொண்டு எந்தப் போராட்டமும் நடத்த முடியாது.

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. லோகப்பிரியா தன்னுடையதைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். "வா புள்ள, உன்னோடதும் போட்ருலாம். சும்மா போட்டு வெப்போம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமல்லொ."

"நீ ஒரு லூசு" என்றாள் லோகப்பிரியா. சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

பள்ளிக்கூட வாசலில் பிளக்ஸ் கட்டினார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி. மூன்று படங்களில் நடுவில் எப்சிபா. ராமுலு கணக்கில் ஐம்பத்திரண்டு எடுத்திருந்தான். மிட்டாய் டப்பாவோடு வீட்டுக்கு வந்தான். எந்தக் காலேஜ் என்று கேட்டான். எப்சிபா சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. அங்கே கணக்கு இருக்குமா என்று கேட்டான். இருக்காது என்றாள்.

ஜூனில் அம்மாவும் அப்பாவும் அவளைத் தாராபுரம் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். காற்றாலைகளுக்கு நடுவில் கட்டடம், சுத்தமாக இருந்தது, சாப்பாடும் பரவாயில்லை. எஸ்தர் கிளம்பும்போது மகளின் நெற்றியில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். சூடு இல்லை. சிரித்த முகத்தோடு பஸ் ஏறினாள்.

முதல் நாள் வகுப்பில் புது மாணவிகள் ஒவ்வொருவராக எழுந்து, தங்களுக்கு ஊழிய அழைப்பு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அந்தியூர்ப் பெண் ஒருத்தி, கனவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்னாள். இன்னொருத்தி, விபத்தில் பஸ் கவிழ்ந்து தான் மட்டும் காயமில்லாமல் எழுந்ததைச் சொன்னாள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எப்சிபாவின் முறை வந்தது.

"உனக்கு எப்படிம்மா அழைப்பு வந்தது?" என்று வகுப்பு எடுத்த அம்மா கேட்டார்.

எப்சிபா எழுந்தாள். யோசித்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவைச் சொல்லலாம், அது நல்ல சாட்சி, கேட்கிறவர்களுக்குப் பிடிக்கும். அவள் அதைச் சொல்லவில்லை.

"இருவத்தொம்பது மார்க்கு கொறஞ்சுபோச்சுங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. வகுப்பு எடுத்த அம்மாவும் சிரித்துவிட்டு, "சிரிக்காதீங்க, அவர் எந்த வழியிலயும் கூப்பிடுவார்" என்றார். "உட்காரும்மா. அடுத்தது யாரு?"

எப்சிபா உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் கதையை ஆரம்பித்தாள்.